நாற்பது நாள் கோழிக்கு ஐந்தாவது மாதம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 61. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கொரங்காட்டு மேய்ச்சல் நிலமும் ஒரு பழைய மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. வீட்டுக்காரர் போன பிறகு மாடு கன்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில், பல்லடம் பக்கமிருந்து கறிக்கோழி ஏற்றி வந்த வண்டி எங்கள் ஊர் விலக்கில் சாய்ந்துவிட்டது. கூண்டுகள் உடைந்து கோழிகள் பள்ளத்தில் கிடந்தன. அடிபட்டவற்றை ஓரமாக ஒதுக்கிப் போட்டார்கள். அதில் உயிரோடிருந்த பதினொன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். இனியாவது வயிறாரச் சாப்பிடட்டும் என்று கம்பெனித் தீவனம் மூட்டையாக வாங்கி, எந்நேரமும் தட்டு நிறைய வைத்தேன். மாசி பிறப்பதற்குள் எட்டு செத்துவிட்டன. ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே சிறகடித்து மல்லாந்தது. மிச்சமிருக்கும் மூன்றும் நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுகின்றன.

இதற்குள் ஊரெல்லாம் செய்தி பரவி, பால் ஊற்றுகிறவர் ஒருவர் ஐந்து நாள் காளைக்கன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். கறுப்பு வெள்ளைக் கலப்பினம். இப்போது இரண்டரை மாதம். என் சேலையை விடாமல் சப்புகிறான், தலையால் முட்டி விளையாடுகிறான். என் தம்பி மகன் நாமக்கல்லிலிருந்து கழித்துவிட்ட முட்டைக்கோழி ஆறு வாங்கி வந்தான். திருப்பூரிலிருந்து, தெருவில் திரியும் மாடுகளை அனுப்பட்டுமா என்று போன் வருகிறது. மகள் ‘சரணாலயம்’ என்று போர்டு எழுதி வைக்கச் சொல்கிறாள்.

போர்டு இருக்கட்டும். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த எட்டும் என் கையால் செத்தவையா?

பதில்: அம்மா, அந்தச் சாவுகளில் நீங்கள் நிறைத்து வைத்த தட்டுக்குப் பங்கு உண்டு. இதை மறைத்தால் மிச்சமிருக்கும் மூன்றும் அதே வழியில் போய்விடும் என்பதால் சொல்கிறேன். குற்றம் உங்களுடையது என்று நான் நினைக்கவில்லை. வந்த உயிருக்கு இலை நிறையப் போடுவதுதான் நாம் கற்றது. நாட்டுக்கோழிக்கு அது சரி. வயிறு நிறைந்தால் அது தட்டை விட்டு நகர்ந்து மண்ணைக் கிளறப் போய்விடும். கறிக்கோழிக்கு அந்தப் ‘போதும்’ மங்கிப்போயிருக்கிறது. பல தலைமுறைகளாக, அதிகம் தின்று வேகமாகப் பெருக்கும் கோழிகளையே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததன் விளைவு அது.

எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், 1957-ஆம் ஆண்டு ரகத்தைச் சேர்ந்த கோழிகளையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தைச் சேர்ந்த கோழிகளையும் ஒரே தீவனம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம் இருந்தது. புதிய ரகம் 4.2 கிலோ. கொடுத்த தீவனம் ஒன்றுதான், ஆக வித்தியாசம் முழுக்க உடம்புக்குள்ளேயே இருந்தது. நெஞ்சுக்கறி வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் கால் எலும்பும் ஈடுகொடுப்பதில்லை. இதயத்தின் வலப்பக்கம் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது. சிறகடித்து மல்லாந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதயம் நின்ற சாவு. அந்த நொடியில் நீங்கள் பக்கத்திலேயே இருந்திருந்தாலும் செய்ய ஒன்றும் இருந்திருக்காது. இரண்டு கிலோ வந்ததும் முப்பத்தைந்து, நாற்பது நாளில் அறுப்பதற்காக உருவாக்கிய உடம்பு அது. உங்கள் மூன்றும் ஐந்தாவது மாதத்தில் நடக்கின்றன. அந்த உடம்புக்கு இது முதுமை.

இந்த ரகங்களின் தாய்க்கோழிகளை வைத்திருக்கும் பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முட்டையிடும் வயது வரை அவை உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், அவற்றுக்கு மட்டும் தீவனத்தை அளந்துதான் போடுவார்கள். பசியோடு நிறுத்துவார்கள். அவற்றின் குஞ்சுகளுக்குத்தான் தட்டு எந்நேரமும் நிறைந்திருக்கும். கோழியை வாழ வைப்பதற்கும் எடை ஏற்றுவதற்கும் வழி வேறு வேறு. உங்கள் வீட்டில் அது வாழ வேண்டும்.

ஆகவே அந்த மூட்டையை இன்றோடு நிறுத்துங்கள். சத்து அடர்த்தி குறைந்த தீவனமாக, ஒரு கோழிக்கு நாளைக்கு 100 கிராம் அளவில் தொடங்கி, அதிகாலையில் பாதி, பொழுது சாய்ந்து பாதி கொடுங்கள். இடையில் கீரைத்தண்டு, முருங்கைத் தழை, பூசணித் துண்டு தாராளமாகப் போடலாம். பசிக்கும் நேரத்துக்குக் கொத்திக்கொண்டிருக்க அது உதவும். கீரையைத் தட்டில் வைக்காமல் எட்டடி தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள், நடக்கட்டும். வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், ஒவ்வொன்றையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஆசிரியை நீங்கள், நோட்டுப் போடுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை ஏறினால் தீவனத்தில் பத்து கிராம் குறையுங்கள், நெஞ்செலும்பு கத்தி போலக் கைக்குத் தட்டுப்பட்டால் கூட்டுங்கள். பாதத்தின் அடிப்பக்கத்தை எடை போடும்போதே திருப்பிப் பாருங்கள். கறுத்த பொருக்கு இருந்தால் அது பாதப்புண். கீழே ஈரமில்லாத உமியோ தேங்காய் நாரோ கனமாகப் பரப்ப வேண்டும். உட்கார உயரமான கட்டை வேண்டாம். குதித்து இறங்கினால் காலும் நெஞ்செலும்பும் போய்விடும். தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் அகலமான பலகை போதும்.

முட்டைக்கோழியின் கதை வேறு. நம் கோழிகளுக்கெல்லாம் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்கு 10, 15 முட்டை இடும், அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும். நாமக்கல் கூண்டில் இருந்து வந்த உங்கள் கோழி ஆண்டுக்கு 300-க்கு மேல் இட்டிருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் வருவது போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஒன்றரை வயதில் கழிக்கப்படும் கோழியின் எலும்பைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிடி கொஞ்சம் இறுகினாலே முறிந்துவிடும். எனவே காலைப் பிடித்தோ இறக்கையைப் பிடித்தோ தூக்காதீர்கள். இரண்டு கையாலும் உடம்போடு சேர்த்து ஏந்துங்கள். கிளிஞ்சல் பொடியைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி தானே வந்து கொத்தும். இடும் முட்டையை வேகவைத்து ஓட்டோடு நொறுக்கி அவற்றுக்கே கொடுங்கள். பச்சையாக உடைத்துப் போட வேண்டாம், முட்டை குடிக்கும் பழக்கம் வந்துவிடும். கோழி திடீரென்று சோர்ந்து, வயிறு கனத்து, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நின்றால் முட்டை உள்ளேயே சிக்கியிருக்கலாம், அல்லது வயிற்றுக்குள் உடைந்து சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்.

இன்னொன்றும் பார்த்திருப்பீர்கள். மூக்கு வெட்டப்பட்ட அந்தக் கோழிகள் முதல் இரண்டு நாள் கம்பி மேல் நிற்பது போல ஒரே இடத்தில் நின்றிருக்கும். தரை என்ன என்று தெரியாது. பிறகு ஒருநாள் ஏதோ ஒன்று மண்ணில் படுத்து, இறக்கையை விரித்து, புழுதியை முதுகில் வாரிப் போட்டுக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தாயைப் பார்த்ததுகூட இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறேன், மண்குளியல் போடும் அந்த முதல் கோழியைப் பார்க்க நான் இன்னும் வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன். கொட்டகை ஓரத்தில் மழை படாத இடமாக, மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி வெட்டி வையுங்கள். பேனும் உண்ணியும் குறையும்.

கறிக்கோழிகளையும் முட்டைக்கோழிகளையும் ஒன்றாக விடாதீர்கள். முட்டைக்கோழி சுறுசுறுப்பானது, நடக்க முடியாததைக் கொத்தி ஒதுக்கிவிடும். புதிதாக எது வந்தாலும் முப்பது நாள் தனியிடம், தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனிச் செருப்பு. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இரவில் கொட்டகைக்குள் அடையுங்கள். கொரங்காட்டுக் கிளுவை வேலி மாட்டை நிறுத்தும், கீரியை நிறுத்தாது. உங்கள் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துப் போட்டதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் உங்களுக்குத் தெரியாததில்லை.

இனி கன்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்த வரி, ‘தலையால் முட்டி விளையாடுகிறான்’ என்பதுதான். அந்த விளையாட்டை இன்றே நிறுத்த வேண்டும். பாட்டிலில் பால் குடித்து, வேறு மாட்டைப் பார்க்காமல், மனிதரோடு மட்டும் வளரும் காளைக்கன்று மனிதரைத் தன் கூட்டமாகவே நினைத்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு இன்னொரு காளையோடு எப்படிப் பலம் பார்க்குமோ அப்படி உங்களோடு பார்க்கும். கோபத்தால் அல்ல, உங்களைத் தன் இனம் என்று எடுத்துக்கொண்டதால். இன்று அவன் முட்டினால் சேலை அழுக்காகிறது. மூன்றாவது வருடம் நானூறு கிலோ உடம்போடு முட்டினால் விலா எலும்பு மிஞ்சாது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், மரத்துப்போகும் ஊசி போட்டு, மருத்துவர் கையால் காயடித்துவிடுங்கள். சரணாலயம் என்று பெயர் வைக்கும் இடத்தில் இனப்பெருக்கம் கூடாது என்பதற்காகவும் அது வேண்டும். புதிதாக ஒரு கன்று பிறந்தால், வெளியில் அடிமாடாகப் போகும் ஒன்றுக்கு உங்கள் கொட்டகையில் இடம் இல்லாமல் போகும்.

அதைவிட முக்கியம், அவனுக்கு ஒரு துணை. ஊரில் கறவை வற்றி, சினை பிடிக்காமல், வண்டி ஏறக் காத்திருக்கும் வயதான பசு ஒன்று நிச்சயம் இருக்கும். சாதுவானதாகப் பார்த்து அதை வாங்கிவந்து அவன் பக்கத்தில் கட்டுங்கள். அது நக்கிக் கொடுக்கும், எல்லை மீறினால் கொம்பால் ஒரு தட்டுத் தட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மாட்டிடம்தான் மாடு கற்றுக்கொள்ளும். எங்கள் கொட்டகையில் கண் தெரியாத கிழட்டுப் பசு ஒன்று வரிசையாக நாலு கன்றுகளை அப்படி வளர்த்துக் கொடுத்தது. அதன் மடியில் சொட்டுப் பால் கிடையாது.

கொண்டுவந்து கட்டியவர் மேல் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். கொஞ்சம் அவர் பக்கமும் பாருங்கள். மாடு கன்று போட்டால்தான் பால். போடும் கன்றில் பாதி காளை. உழவும் ஏற்றமும் வண்டியும் இருந்த காலத்தில் காளைக்கன்றுக்கும் வீட்டில் வேலை இருந்தது. உங்கள் ஊர்க் காங்கேயம் காளைக்குத் திமில் உண்டு, நுகத்தடி அதன் முன்னே நிற்கும். கண்ணபுரம் சந்தையில் இன்றும் அதற்கு விலை இருக்கிறது. கறுப்பு வெள்ளைக் கலப்பினக் காளைக்குத் திமில் இல்லை, வெயில் தாங்காது, ஏரில் பூட்ட ஆகாது. நாளைக்கு அது குடிக்கும் மூன்று லிட்டர் பால்தான் அந்தக் குடும்பத்தின் கூலி. இப்போது பெட்டைக்கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த சினை ஊசியும் வந்திருக்கிறது. அந்தப் பால்காரருக்குச் சொல்லுங்கள், அடுத்த முறை உதவும்.

பிறந்த அன்று சீம்பால் குடித்தானா என்று அவரிடமே கேளுங்கள். கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வருவதில்லை, முதல் சில மணி நேரத்துச் சீம்பாலில்தான் வருகிறது. குடிக்காத கன்று என்றால் முதல் ஒரு வருடம் ஒவ்வொரு கழிச்சலையும் காய்ச்சலையும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சேலையைச் சப்புவது பால் போதாததன் அடையாளமாகவும் இருக்கலாம். குடற்புழு மருந்தும், நாலு மாதத்தில் கோமாரித் தடுப்பூசியும் தவற வேண்டாம். வண்டி தேவைப்பட்டால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

திருப்பூர் மாடுகளுக்கு ‘இப்போது முடியாது’ என்று சொல்லுங்கள். சொல்லக் கஷ்டமான வார்த்தை, தெரியும். தெருவில் குப்பை தின்று வளர்ந்த மாட்டின் பெருவயிற்றில் பிளாஸ்டிக் பந்து பந்தாகத் தங்கியிருக்கும். 2019 அக்டோபரில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட அறுவைச் சிகிச்சை. அப்படிப்பட்ட மாட்டை உங்கள் பசும்புல்லில் விட்டால் மட்டும் குணமாகாது. வயிறு நிறைந்தே இருக்கும், உடம்பு இளைத்துக்கொண்டே போகும். அதற்கு மருத்துவமனை இருக்கும் இடம் வேண்டும்.

தீவனக் கணக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் கன்று வளர்ந்ததும் நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோ பசுந்தீவனமும் ஆறு கிலோ வைக்கோலோ சோளத்தட்டோ கேட்பான். ஆறு கிலோ என்றால் வருடத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல் தட்டு. வெயில் காலத்தில் அறுபது லிட்டர் தண்ணீர். கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல நெற்றும் மழை வருடத்தில் இரண்டு மாட்டுக்குக் கை கொடுக்கும். மழை பொய்த்தால் அத்தனையும் விலைக்குத்தான். மாடு இருபது வருடம் வாழக்கூடியது. உங்களுக்கு இப்போது 61. சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் போர்டு எழுதச் சொல்லும் மகளிடம் இதைத்தான் முதலில் பேச வேண்டும். உங்களுக்கு முடியாத நாளில் இவனுக்குத் தண்ணீர் காட்டப் போவது யார் என்று எழுதி வையுங்கள், பேரோடு. மீட்ட மாடுகளைப் பராமரிக்க முடியாமல் போய், இரண்டாம் முறை மீட்க வேண்டி வந்த இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். முளைக்குச்சியைச் சுற்றி மண் தேய்ந்து போயிருக்கும். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ‘முடியாது’ என்று ஒருமுறை சொல்லாமல் விட்டவர்கள்.

போர்டு வைத்தால் பார்க்க ஆட்கள் வருவார்கள், வரும்போது பொங்கலும் பழமும் சோறும் கொண்டுவருவார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருந்தகத்துக்கும் போய்ப் பாருங்கள். வயிறு உப்பி, அசை நின்று, சாணம் தண்ணீராகப் போகும் மாடுகள் வரிசையில் நிற்கும். அரிசிச் சோறு பெருவயிற்றில் புளித்து அமிலமாகிவிடுகிறது. அதிகம் போனால் மாடு செத்தும் போகும். பக்தியோடு வருபவரைத் தடுப்பது சங்கடம்தான். வாசலில் அகத்திக்கீரைக் கட்டு வைத்து, அதை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதுவும் ஆளுக்கு ஒரு பிடி.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். வேள்விக்குக் கட்டி வைத்த பசுவின் துயரம் பொறுக்காமல், இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போகிறான். பிடித்து அடிக்கிறார்கள். அந்தப் பசு அடித்தவனைக் குத்திவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. அதற்கு ஓடிப் போய்ப் பிழைக்க ஒரு காடு இருந்தது. உங்கள் கன்றுக்கும் கோழிக்கும் எந்தக் காடும் இல்லை. அவிழ்த்துவிட்டால் பிழைக்க முடியாத உடம்புகளாக அவற்றை நாம் மாற்றியிருக்கிறோம். அமெரிக்காவில் 1986-இல், பென்சில்வேனியா மாநிலத்துக் கால்நடைச் சந்தை ஒன்றின் பின்புறம், செத்த விலங்குகளின் குவியலில் உயிரோடு கிடந்த ஒரு செம்மறியை இளைஞர்கள் சிலர் எடுத்து வந்தார்கள். ஹில்டா என்று பெயர் வைத்தார்கள். பண்ணை விலங்குகளுக்கென்றே அங்கே எழுந்த முதல் சரணாலயம் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஹில்டா அதன்பின் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்து, முதுமையில் செத்தது. குவியலிலிருந்து தூக்கியது ஒரு பகல் வேலை. பத்து வருடத்துக்குத் தினமும் யாரோ ஒருவர் கொட்டகை கூட்டியிருக்கிறார், குளம்பு சீவியிருக்கிறார்.

நீங்கள் கேட்காமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றில் ஏதாவது ஒன்று எழுந்திருக்க முடியாமல், தீவனத்தின் பக்கம் தலையைத் திருப்பாமல், வாயைப் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கினால், ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பி வைக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள். தானாகப் போகட்டும் என்று இரண்டு நாள் காத்திருப்பது அந்தக் கோழிக்கு இரண்டு நாள் மூச்சுத் திணறல். இதைப் பாவம் என்று யாராவது சொன்னால் என் பேரைச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கை வைத்திருங்கள். பழகிய கை கோழிக்குத் தெரியும்.

பங்குனி பிறந்தால் உங்கள் ஊர் வெயில் பொல்லாதது. கோழிக் கொட்டகையின் மேற்குப் பக்கம் நனைத்த சாக்கு கட்டுங்கள், பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை தீவனம் காட்டாதீர்கள், மண்பானைத் தண்ணீரை இரண்டு முறை மாற்றுங்கள். சித்திரை முதல் வாரத்தில் அந்த மூன்றின் எடையையும் எனக்கு எழுதுங்கள். கன்றுக்குத் துணைப் பசு கிடைத்துவிட்டால் அதையும் எழுதுங்கள், காயடிக்கும் தேதியைப் பார்த்து முடிவு செய்வோம்.